மீன் என்று எழுதியிருந்த போத்தல்

எங்கள் வீட்டில் எந்தப் போத்தலிலும் அதன் மேல் எழுதியிருந்தது இருந்ததில்லை. கோப்பி ரின்னுக்குள் மிளகாய்த்தூள் இருக்கும். மாஜரின் டப்பாவுக்குள் பழப்புளி இருக்கும். வெனிலா ஐஸ்கிரீம் பெட்டியை ஆசையாகத் திறந்த என் பள்ளித் தோழி ஒருத்தி உள்ளே கருவாட்டைக் கண்டு அலறியது இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் சொல்லிச் சிரிக்கிற கதை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த காரியத்துக்கு, சின்னப் பிள்ளை, அதற்கு என்ன தெரியும் என்று யாரும் பிறகு எனக்காகப் பரிந்து பேசக் கூடாது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வெஸ்ட்மீட்டில் ரயில் பாதைக்குப் பக்கத்தில், மாடியில் இரண்டு அறை வீடு. அம்மா மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சாப்பாட்டு வண்டி தள்ளினார். அப்பா ஒரு கிடங்கில் வேலை. சனி ஞாயிறிலும் ஓவர்டைம் என்று போய்விடுவார். ஹோலில் கிடந்த சோபாவில் மாமா படுத்தார். அம்மாவின் ஒரே தம்பி. ஊரிலிருந்து அகதியாகப் படகில் வந்து, முகாமில் இருந்து, பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தவர். பரமட்டாவில் ஒரு ஜப்பானிய உணவகத்தில் கோப்பை கழுவப் போய், இரண்டு வருடத்தில் அடுப்படி வரைக்கும் முன்னேறியிருந்தார்.

எனக்கும் அந்த வீட்டில் ஒரு உத்தியோகம் இருந்தது. வாசிப்பது. அம்மாவுக்கு ஆங்கிலம் பேசிச் சமாளிக்க வரும், சின்ன எழுத்தை வாசிக்கப் பொறுமை வராது. கடையில் எதை எடுத்தாலும் "பிள்ளை, வாசி" என்று என்னிடம் நீட்டுவார். ஜெலட்டின் இருக்கிறதா, மாட்டுக்கொழுப்பு இருக்கிறதா என்று பின்பக்கத்தைப் பார்த்து நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வரும் கடிதங்களும் என்னிடம்தான் வரும். மின்சார பில், பல் டொக்டரின் நினைவூட்டல், பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கை எல்லாவற்றையும் உரத்து வாசித்துத் தமிழில் சொல்வேன். மூன்று பெரியவர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒன்பது வயதுக்கு அது கொஞ்சம் கூடுதலான மரியாதை. எனக்குத் தலைக்கனம் பிடித்திருந்தது.

அந்த வருடக் கந்தசஷ்டிக்கு அம்மா விரதம் பிடித்தார். ஐந்து நாள் பகல் முழுக்கத் தண்ணீர் மட்டும், பின்னேரம் விளக்கேற்றிவிட்டு ஒருநேர மரக்கறிச் சாப்பாடு. ஆறாம் நாள் அதுவும் கிடையாது. மாமாவின் கேஸுக்காகத்தான் என்பது எனக்கும் தெரியும். அவர் எழுதிக் கொடுத்த கதையை ஏற்று இங்கே இருக்க விடுவார்களா, இல்லையா என்ற முடிவு எந்த நாளும் வரலாம் என்றிருந்த காலம் அது. நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அம்மா வெறும் வயிற்றோடு வீட்டுக்கு வருவார்.

இரண்டாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது தபால்பெட்டியில் மாமாவின் பெயருக்குத் தடித்த கடிதம் ஒன்று கிடந்தது. வழக்கம்போல வாசலிலேயே நின்று கிழிக்கப் போனேன். மாமா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இது நீ வாசிக்கிற கடிதம் இல்லை, பிள்ளை."

பல்கனியில் நின்று தானே எழுத்துக்கூட்டி வாசித்தார். வெகுநேரம் வாசித்தார். பிறகு அதை மடித்துச் சேர்ட் பைக்குள் வைத்துக்கொண்டு வந்து, "அம்மாட்டைச் சொல்லாதை, என்ன? விரதம் முடியட்டும்" என்றார். நான் தலையாட்டினேன். உள்ளே புகைந்துகொண்டிருந்தது. கடிதத்தில் என்ன இருந்தது என்பதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. என் உத்தியோகத்தை என்னிடமிருந்து பறித்துவிட்டார் என்பதுதான் என் கவலை. மூன்று நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை, அது கோபத்தை இன்னும் கூட்டியது.

நான்காம் நாள், வேலையில் தலை சுற்றி வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றதாக அம்மா வந்து சொன்னார். மாமா அன்றே ஒரு கிண்ணத்தில் காய்ந்த காளானை ஊறப்போட்டு வைத்தார். மறுநாள் சனிக்கிழமை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனதும் குசினிக்குள் நுழைந்தார்.

"அக்காவின்ரை உடம்பில சத்தே இல்லை. இண்டைக்கு டோஃபு செய்து குடுப்பம்."

என்னைத் தூக்கி அடுப்புக்குப் பக்கத்து மேடையில் இருத்தினார். கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அம்மா இருந்தால் அந்த மேடையில் ஏற விடமாட்டார் என்பதற்காக இருந்தேன்.

டோஃபுவைத் துணியில் சுற்றித் தட்டில் வைத்து, தண்ணீர் வடிவதற்காகப் பருப்புப் போத்தலை மேலே பாரமாக ஏற்றினார். ஊறிய காளானையும் வார்போல் கிடந்த ஒரு துண்டுக் காய்ந்த கடற்பாசியையும் சட்டியில் போட்டு மெல்லிய நெருப்பில் வைத்தார். கொதி வருவதற்கு முன்னமே பாசியை எடுத்துவிட்டார்.

"ரெஸ்ரோரன்டில இதுக்கு மீன்சீவல் போடுவினம். அக்கா விரதமெல்லோ, அதுதான் காளான்" என்றார், நான் கேட்காமலே.

தேத்தண்ணி வடியில் வடித்து, சோயா சோஸும் சீனியும் இஞ்சிச்சாறும் கலந்து, கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி என் நாக்கில் விட்டார். உப்பும் இனிப்புமாக, தொண்டைக்குள் போன பிறகும் வாயில் நின்றது. எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. ஆறியதும், உணவகத்திலிருந்து கழுவிக் கொண்டுவந்திருந்த சோஸ் போத்தல் ஒன்றுக்குள் அதை ஊற்றினார். நல்ல இறுக்கமான மூடி உள்ள போத்தல். புனலைப் பிடித்தது நான். காளான் சக்கையைக் கீழே கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் கொட்டியதும் நான்தான்.

பின்னேரம் அம்மா வந்து குளித்து விளக்கேற்றினார். வெளியே இன்னும் வெயில் இருந்தது, தெருவில் ஜக்கரண்டாப் பூ கொட்டிக் கிடந்தது. மாமா டோஃபுவைத் துண்டுகளாக வெட்டி, சோளமாவில் பிரட்டிப் பொரித்து, கோப்பையில் அடுக்கி, சோஸைச் சுடவைத்து ஊற்றினார். மேலே துருவிய முள்ளங்கி கொஞ்சம். அம்மா ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதென்னடா தம்பி, இவ்வளவு ருசியாக் கிடக்கு! நீ ஒரு கடை போடலாமடா."

ஐந்து நாளில் அம்மா சிரித்தது அப்போதுதான். அடுத்த துண்டுகளைப் பொரித்துக்கொண்டு நின்ற மாமாவும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கடிதம் வந்ததற்குப் பிறகு அவரும் அன்றைக்குத்தான் சிரித்தார். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. அம்மா இரண்டாம் துண்டை எடுத்தபடி, பழக்க தோஷத்தில், மேசையில் இருந்த போத்தலைக் காட்டினார்.

"என்ன சோஸ் இது? பிள்ளை, வாசிச்சனியோ?"

போத்தலை எடுத்துத் திருப்பினேன். வாசிக்கத் தேவையே இல்லை, மாமா காச்சினவர் என்று சொன்னால் முடிந்தது. நான் வாசித்தேன். நிறுத்தி, உரத்து, பள்ளிக்கூட மேடையில் வாசிப்பதுபோல வாசித்தேன். சோயா. கோதுமை. மீன். மீன் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அம்மா வாயில் இருந்ததைக் கைக்குள் துப்பினார். ஓடிப்போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து கொப்பளித்தார், திரும்பத் திரும்பக் கொப்பளித்தார்.

"அக்கா, அது வெறும் போத்தல்" என்றார் மாமா. முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "உள்ளுக்க இருக்கிறது நான் காச்சினது. காளான் அக்கா."

"உனக்கு எல்லாத்திலயும் பகிடி. என்ரை விரதத்திலயுமோடா?"

அம்மாவையும் குறை சொல்ல முடியாது. முந்திய வருடம் ஒரு வெள்ளிக்கிழமை சோயாக் கறியைச் சமைத்துக் கொடுத்து, சாப்பிட்டு முடித்த பிறகு அது ஆட்டிறைச்சி என்று சொல்லி அம்மாவை ஓடவைத்து விழுந்து விழுந்து சிரித்தவர்தான் மாமா. அந்தக் கணக்கும் இப்போது சேர்ந்துகொண்டது.

"சத்தியமா இல்லை அக்கா" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். "பிள்ளை, நீ பாத்தனீ தானே? அம்மாவுக்குச் சொல்லு."

"ஐ டோன்ட் நோ" என்றேன். தமிழில் பொய் சொல்லக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

"புனல் பிடிச்சனீ எல்லோ பிள்ளை? காளான் கொண்டுபோய்க் கொட்டினனீ?"

அவர் குரலில் சிரிப்பு போயிருந்தது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இப்போது ஓம் என்றால் முதல் சொன்னது பொய்யாகிவிடும், வாசித்ததும் வேண்டுமென்று வாசித்ததாகிவிடும். போத்தலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், "அதில ஃபிஷ் எண்டு போட்டிருக்கு."

மாமா மூன்றாம் தரம் கேட்கவில்லை. அடுப்பை நிறுத்தினார். மிச்சச் சோஸைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டு, கோப்பைகளையும் சட்டியையும் ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்தார். போத்தலைக் கீழே கொண்டுபோய் எறிந்துவிட்டு வந்தார். எங்கள் வீட்டில் மூடியோடு ஒரு நல்ல போத்தல் எறியப்பட்டது அன்றைக்கு மட்டும்தான். அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் போய் இருந்தார். அன்று அவர் வேறொன்றும் சாப்பிடவில்லை, மறுநாள் முழு உபவாசம்.

திங்கட்கிழமை காலையில், விரதத்தை முடிக்கிற பாறணைச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமா கடிதத்தைப் பற்றிச் சொன்னார். நிராகரித்துவிட்டார்கள். அம்மா அழவில்லை, கத்தவும் இல்லை. "அஞ்சாம் நாள் வாயில மீன் பட்டது. பிறகு முருகன் என்னெண்டு தருவான்" என்று மட்டும் சொன்னார்.

கடிதம் இரண்டாம் நாளே வந்துவிட்டது. அது அந்த வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். மாமா என்னை ஒரு தரம் பார்த்தார். கடிதத்தின் பேச்சை எடுத்தால் போத்தலின் பேச்சும் வரும் என்று நான் பாண் துண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அவர் கடிதம் வந்த நாளைச் சொல்லாமலே வேலைக்குப் போனார்.

இரண்டு மாதத்தில் மெல்போர்னுக்குப் போய்விட்டார். ட்ருகனினாவில் ஒரு பெரிய கிடங்கில் வேலை கிடைத்தது என்றார்கள். நான் பெரியபிள்ளையாகி நடந்த சாமத்திய வீட்டுக்கு வந்தார், அப்பாவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வந்தார். வந்தால் கதிரையில் இருந்து கொடுத்ததைச் சாப்பிடுவார், குசினிப் பக்கம் போக மாட்டார். சஷ்டி வந்தால் அம்மா போத்தலில் வந்த எதையும் தொடுவதில்லை. ஒரு முறை, கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, தன்பாட்டில் சொன்னார்: "அவன் விட்ட பிழையை விட, சத்தியம் பண்ணினதுதான் எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை."

பத்து வருடம் இப்படிப் போனது. போன மார்கழியில், மறுபடி ஏதோ ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்று மாமா என்னைக் கூப்பிட்டார். மெல்போர்னில், மரமே இல்லாத புதுத் தெருவில் ஒரு வீட்டின் பின்னறையில் இருந்தார். ஒரு பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "இப்ப நீ எல்லாம் வாசிக்கலாம்" என்று சிரித்தார். அடியில் அந்தக் கடிதம் இருந்தது. ஊரில் அவர் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பிடித்துச் செல்லப்பட்டதாகச் சொல்வதை நேரில் கண்ட எவரும் உறுதிப்படுத்தவில்லை, ஆகையால் நம்புவதற்கில்லை என்று ஒரு பந்தி. அதை இரண்டு தரம் வாசித்தேன்.

"பஸ்ஸில ஆக்கள் இருந்தவையோ மாமா?"

"பக்கத்து சீற்றில இருந்தவன் என்னோட படிச்சவன். கடிதம் வந்த அண்டைக்கே கோல் எடுத்துக் கேட்டனான், அப்பீலுக்கு எழுதித் தருவியோ எண்டு. தனக்கு ஒண்டும் தெரியாதெண்டிட்டான்." பிறகு, "பாவம், அவனுக்கும் பயம்" என்றார்.

"மாமா, நான் பாத்தனான்" என்றேன். "காளான். புனல். எல்லாம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எனக்கேன் பிள்ளை சொல்லுறாய்? நானும் அங்கைதானே நிண்டனான்."

வெளியே போய்த் தெருவில் நின்று அம்மாவுக்குப் போன் எடுத்தேன். முழுவதையும் சொன்னேன், கடிதம் வந்த நாள் உட்பட.

"அப்ப அது காளானோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம் அம்மா."

"அவன் சத்தியம் பண்ணினவனடி" என்றார். பிறகு போனை வைத்துவிட்டார்.

தெரியாது என்று சொல்வது பெரிய பொய் இல்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். ஒருவரையும் குற்றம் சொல்லாத, எந்தப் பக்கமும் சாயாத சின்னச் சொல் அது. அந்த ஒரே வாரத்துக்குள் மாமா இரண்டு பேரிடம் நீ பார்த்தாய்தானே என்று கேட்டிருந்தார், இரண்டு பேரும் தெரியாது என்றிருந்தோம், இரண்டாவது ஆள் நான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்ன அன்று, உண்மையாகவே எனக்குத் தெரியாமல் இருந்தது அது ஒன்றுதான்.