கிழங்கு வெந்த வெள்ளம்

போலீஸ் வண்டி வந்து ரோட்டில் நின்ற நாளில் விடுதியில் பதினொரு பெண்பிள்ளைகள் இருந்தார்கள். மற்றவர்களை முந்தின வாரமே வீட்டார் வந்து கூட்டிப் போயிருந்தார்கள். மலையாள ராஜ்யத்திலிருந்த தமிழ் பேசும் தாலுக்காக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கவேண்டும் என்ற போராட்டம் எங்கள் பக்கம் கொதித்துக்கொண்டிருந்த காலம். அமரவிளையில் கடைகள் அடைத்துக் கிடந்தன. நாலு பேர் சேர்ந்து நடந்தால் பிடித்து ஏற்றினார்கள். அரிசி கேட்டு நெய்யாற்றின்கரைக்குப் போன வார்டனால் திரும்பி வர முடியவில்லை. கேட்டுக்கு வெளியே, யாரையும் வெளியே விடாமல், இரண்டு போலீஸ்காரர்கள். உள்ளே, சமையலுக்குப் பொறுப்பான நான்.

எனக்கு அப்போது இருபது வயது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அப்பா குன்னத்துகாலில் பிறர் நிலத்தில் மண்வெட்டிப் பிழைத்தவர். ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைக்காமல் மிஷன் விடுதி அடுக்களைக்கு நான் வந்தபோது, "படிச்சது அடுப்பு ஊதவா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதுபோல் அடுக்களைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டினேன். உடலை வளர்ப்பது, பலம் தருவது, நோயைத் தடுப்பது என்று மூன்று பத்தி போட்டு அன்றன்றைய சாப்பாட்டை எழுதினேன். எண்ணெயையும் மிளகாயையும் புளியையும் பாதியாகக் குறைத்தேன். பயறு வெறும் உப்பில் வெந்தது.

பூவாரிலிருந்து மீனோடு வந்து எனக்கு ஒத்தாசை செய்யும் அக்கா ஒருத்தி இருந்தாள். பலகையைப் பார்த்து அவள் சிரிப்பாள். "ஏ பிள்ளே, இந்த போர்ட பிள்ளைகளுக்கு வெளம்பிப் பாரேன். ஒனக்க கறியவிட உப்பும் உறைப்பும் இதுல கூடுதலா உண்டு."

பிள்ளைகள் பாதித் தட்டை வாளியில் கொட்டுவார்கள். அவர்களுடைய நாக்குக்கு இன்னும் படிப்பு வரவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாம் நாள் அரிசி தீர்ந்தது. ரோடு அடைத்திருந்ததால் பூவார் அக்காவும் வரவில்லை. பின்பக்க மதிலுக்கு அப்புறம் தோட்டம் வைத்திருந்த மாமா ஒரு கடவப்பெட்டி நிறைய மரச்சீனிக் கிழங்கை, மரவள்ளியை, தூக்கி மதில்மேல் வைத்தார். "கசக்குத கெழங்காக்கும் மக்கா. வெள்ளம் நெறய வச்சு அவிச்சு, அந்த வெள்ளத்த வெளிய ஊத்திரணும், கேட்டியா?" என்றார்.

கேட்டேன். எனக்குத் தெரியாததும் இல்லை. அம்மா மூடாத பானையில் அவித்து, வெள்ளத்தை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் எங்களுக்குக் கிழங்கு தருவாள். கசப்புக் கிழங்கு என்றால் இரண்டு தடவை. ஆனால் என் ஆரோக்கியப் பாடப்புத்தகத்தில், காய்கறி வெந்த நீரைக் கொட்டினால் சத்தெல்லாம் அதோடு போய்விடும் என்று இருந்தது. அம்மா செய்தது எழுத்துத் தெரியாதவர்களின் பழக்கம் என்று அந்த வரியைப் படித்த நாளிலேயே முடிவுகட்டியிருந்தேன். கொஞ்சம் வெள்ளம் வைத்து, மூடிபோட்டு, கிழங்கிலேயே வற்றவிட்டேன். பயறும் சேர்த்தேன். ருசி பார்த்தபோது லேசாகக் கசந்தது. கசப்பு உடம்புக்கு நல்லதுதானே என்று இறக்கிவிட்டேன்.

பசியில் பிள்ளைகள் வழித்துத் தின்றார்கள். வாளி காலியாக இருந்தது. பலகையில் 'மிச்சம் இல்லை' என்று பெரிதாக எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் ஐந்து பேர் தலை சுற்றுகிறது என்று படுத்தார்கள். எல்லோரிலும் சின்னவள், எட்டு வயதுக்காரி, வாந்தியெடுத்து ஓய்ந்து கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன். ஆஸ்பத்திரி ஒரு மைலில்தான் இருந்தது.

"வயித்துவலி சாரே, கேட்ட தொறங்க."

வயதான போலீஸ்காரர் மலையாளத்தில் சிரித்தார். "இன்னலெயும் ஒருத்திக்கு வயற்றுவேதனயாயிருந்நு. ஜங்ஷனில் செந்நு கோஷம் விளிச்சு."

நேற்று எங்கோ ஒரு பெண் வயிற்றுவலி என்று வெளியே போய் ஜங்ஷனில் கோஷம் போட்டாளாம். காய்ச்சல் என்று சொல்லலாம். கிணற்றைக் குற்றம் சொல்லலாம். உள்ளதைச் சொன்னால் வேலை போகும். சொந்தக்காரர்கள் வாய்க்கு நானே அவல் அள்ளிப் போட்டதாகும். பிள்ளையின் தலை என் கழுத்தில் துவண்டு கிடந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "கசப்புக் கெழங்கு சாரே. நான்தான் வெள்ளத்த வடிச்சுக் கொட்டாம வேவிச்சேன். எனக்க தப்பாக்கும்."

அவர் சிரிப்பு நின்றது. "கட்டுள்ள கப்பயோ? வெள்ளம் களஞ்ஞில்லே?" நஞ்சுள்ள கிழங்கா, வெள்ளத்தைக் கொட்டவில்லையா என்று கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எவிடத்துகாரியா பெண்ணே?"

இந்த மண்ணில் பிறந்தவளா என்று அவர் கேட்டது அடியைவிட வலித்தது. கேட்டை அவர் திறக்கவில்லை, உத்தரவு இல்லையாம். ஆனால் கூட நின்றவரை ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் விரட்டினார். கம்பவுண்டரை மட்டும் உள்ளே விட்டார்கள். அவர் மருந்து கொடுத்து, சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். மற்ற நாலு பேரும் ஒவ்வொருத்தியாக எழுந்து உட்கார்ந்தார்கள். விளக்கேற்றும் நேரத்தில் சின்னவளும் கண் திறந்து வெள்ளம் கேட்டாள்.

வெளிக் கேட் அடைத்தபடியே இருந்தது. மறுநாள் அடுக்களையில் வயிறு நிறைக்க மீதிக் கிழங்கைத் தவிர வேறில்லை. பதினொரு பேரும் அடுக்களை வாசலில் வந்து நின்றார்கள். ஒருத்தியும் உள்ளே வரவில்லை. நான் நீட்டிய கருப்பட்டி வெள்ளத்தைக்கூட முகர்ந்து பார்த்தார்கள். அவர்கள் வெளியே போக முடியாது. எனக்கும் அவர்கள் முன்னாலிருந்து ஓட வேறு இடமில்லை.

மூன்று கல்லை முற்றத்துக்குத் தூக்கிவந்து அடுப்பு கூட்டினேன். எல்லோரும் பார்க்க, மூடாத பானையில் கிழங்கை அவித்து வெள்ளத்தைத் தென்னை மூட்டில் கொட்டினேன். மறுபடி அவித்துக் கொட்டினேன்.

"இன்னொருக்கா ஊத்துங்க அக்கா," என்றாள் மூத்தவள்.

மூன்றாவது தடவையும் கொட்டினேன். பிறகு பலகையைத் திரும்பிப் பார்க்காமல் சமைத்தேன். காந்தாரி மிளகாயும் உள்ளியும் உப்பும் நசுக்கித் தேங்காயெண்ணெய் விட்டேன். விடுதி மரத்து முருங்கைக்கீரையைத் தேங்காய் திருவிப்போட்டு வதக்கினேன். மிச்சமிருந்த கருவாட்டைச் சுட்டேன். இன்று ஓர் ஆஸ்பத்திரி அடுக்களை என் பொறுப்பில் இருக்கிறது. அங்கேயும் தட்டில் கிழங்கோ சோறோ ஒரு பங்கு, கீரை ஒரு பங்கு, மீன் ஒரு துண்டு, வாயில் எச்சில் ஊற ஏதாவது ஒன்று என்றுதான் வைக்கிறேன். அன்று அப்படியெல்லாம் கணக்கு இல்லை. அவர்கள் தின்றால் போதும்.

முதல் தட்டை அவர்கள் முன்னால் நானே உட்கார்ந்து தின்று முடித்தேன். பதினொரு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். "அக்காக்கு தல சுத்துதா?" என்று ஒருத்தி கிசுகிசுத்தாள். "பேசாம இருடீ," என்றாள் இன்னொருத்தி. வெயில் முற்றத்தைத் தாண்டிப் போனது. கருவாட்டு மணம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

கடைசியில் சின்னவள்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என் பக்கத்தில் உட்காரவில்லை, எதிரே உட்கார்ந்தாள். ஒரு துண்டுக் கிழங்கை முகர்ந்து, நுனியைக் கடித்து, நெடுநேரம் மென்றாள். பிறகு தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"காந்தாரி இன்னும் உண்டா?"