சுட்டது போக மிச்சம்

புலிகள் சரணாலயத்தின் டிக்கெட் கவுன்டரைத் தாண்டும்போது மட்டும் அவர் நடை மாறும். முதுகு நிமிரும், பார்வை மர உச்சிக்குப் போகும். வரிசையில் நிற்பவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். "நம்ம காடுதானே" என்று காவலாளியின் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். ஞாயிறு தவறாது.

குடிநீர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்பது வாடகை வீட்டு மாடியில். ஆனால் இந்தச் சரணாலயம் ஒரு காலத்தில் அரசரின் வேட்டைக்காடு; அந்த அரசரின் மகள்வழிப் பேரன் இவர். ஊழியர்கள் கேலியாக வைத்த பெயர் 'இளவரசர்'. அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளாத ஒரே ஆள் அவர்தான்.

உள்ளே போனதும் ஏதாவது ஒரு சுற்றுலாக் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்வார். "இந்த மரத்தடியிலதான் எங்க தாத்தா பதினோராவது புலியைச் சாய்ச்சார்." போன வாரம் அது வேறு மரம். காட்டில் உயிரோடு இருக்கும் புலிகளைவிடத் தாத்தா கொன்ற புலிகள்தான் வேகமாகப் பெருகின.

பக்கத்து வீடு என்ற உரிமையில் அவர் மனைவியிடம் இந்த வீரப் பரம்பரையைப் பற்றி விசாரித்தேன். "கரப்பான்பூச்சி வந்தா கட்டில் மேல ஏறி நின்னுக்கிட்டு என்னைத்தான் கூப்பிடுவார்" என்றார்.

சென்ற மாதம் கவுன்டருக்குப் புதிதாக ஒரு பெண் வந்தார். "சார், டிக்கெட்?"

"எங்க தாத்தா நூத்திப் பதினாலு புலி சுட்ட காடும்மா இது. எனக்கே டிக்கெட்டா?"

"அவர் சுட்டது போக மிச்சத்தைத்தான் சார் காப்பாத்தி வெச்சிருக்கோம். அதைப் பாக்கத்தான் டிக்கெட்."

வரிசை மொத்தமும் சிரித்தது. இளவரசர் காது சிவக்கத் திரும்பி நடந்தார். அடுத்த இரண்டு ஞாயிறும் ஆளைக் காணோம். "வீட்டுல உக்காந்து என் உயிரை வாங்கினார். நான்தான் போய்ட்டு வாங்கன்னு தள்ளிவிட்டேன்" என்றார் மனைவி.

மூன்றாம் ஞாயிறு, வரிசையின் கடைசியில் நின்றார். முறை வந்ததும் குனிந்து, பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகக் கேட்ட குரலில், "வயசானவங்களுக்குச் சலுகை ஏதும் உண்டாம்மா?" என்றார். உண்டு.

நேராகப் பழைய வேட்டை மாளிகைக்குப் போனார். இப்போது அது அருங்காட்சியகம். சுவரில் தாத்தாவின் ஆளுயரப் புகைப்படம்: கையில் துப்பாக்கி, விழுந்து கிடக்கும் புலியின் மேல் ஒரு கால். அதற்குக் கீழே இருந்த பெஞ்சில் இவரும் ஒரு காலைத் தூக்கி வைத்து, மார்பை விரித்து நின்றுகொண்டார்.

பார்க்க வந்த ஒரு பெண் படத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கணவனிடம் கேட்டாள்: "ஏங்க, செத்துப்போச்சுன்னு நல்லாத் தெரிஞ்ச பிறகுதானே கால வெச்சிருப்பாரு?"

கணவன் சிரித்தான். இளவரசர் பெஞ்சிலிருந்து காலை மெல்ல இறக்கி, செருப்பு பட்ட இடத்தைக் கைக்குட்டையால் துடைத்தார்.