மூன்றாம் விரலில் கறுப்பு நூல்

பிள்ளை பிறந்து நாலாம் மாதம் தொடங்கியது. குளியலறையில் தண்ணீர் இறங்காமல் நின்றது. குனிந்து துவாரத்தின் மூடியைத் தூக்கினேன். செத்த எலிக்குஞ்சுபோல் உள்ளே என் தலைமயிர். கையில் எடுத்தபோது கனத்தது. பன்னிரண்டு வருடம் காத்திருந்து, நாற்பத்திரண்டு வயதில் பெற்ற மகள் அறைக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் ஈரத்தோடு நிலத்தில் இருந்துவிட்டேன்.

பிறகு எங்கும் மயிர். தலையணையில், சோற்றில், மின்விசிறியின் இறகில். கொழும்பில், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வரும் ஒழுங்கை கடலில் போய் முடிகிறது. மூன்றாம் மாடிக்கும் ஏறிவரும் காற்று அதைப் பந்துபந்தாக உருட்டி மூலைக்குக் கொண்டுபோகும். உப்புக்காற்றுத்தான் கொட்டப்பண்ணுது என்றார் பக்கத்து வீட்டு அக்கா. "பத்தியத்துக்குக் காய்ச்சித் தந்த சரக்குத்தண்ணி ஒழுங்காக் குடிச்சிருந்தா இப்பிடி வருமே?" என்றார் அம்மா. பிள்ளைப்பேறு பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்றவர். கணவர், "வயசுக்கும் கொட்டும்தானேயப்பா" என்றார். சொன்னதற்காக அன்று முழுவதும் கேட்காமலே பாத்திரம் கழுவினார்.

காலி வீதி சலூனில் தலை கழுவிவிட்ட சிங்களப் பெண், "அக்கே, பபா ஹம்புனாட பஸ்ஸே ஒஹொம தமயி" என்றாள். பிள்ளை பிறந்தால் அப்படித்தானாம். திரும்ப வளருமாம். எல்லோரும் அதையே சொன்னார்கள். எல்லோரும் சொன்னதால்தான் நம்ப முடியவில்லை.

முப்பத்தோராம் நாள் மகளுக்கு முடி இறக்கியிருந்தோம். இப்போது அவளுக்கு முளைத்துக்கொண்டிருந்தது, மழைக்குப் பிந்திய புல்லாக. எனக்கு வகிடு அகன்று அகன்று வீதியாகியது. பால் குடிக்கும்போது அவள் என் பின்னலைப் பிடித்துக்கொள்வாள். பிடித்தபடியே உறங்கிப்போவாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து என்னை விடுவித்துக்கொள்ளும்போது மயிர் என்னோடு வராது. அவளோடு போகும்.

அந்த நாட்களில் அம்மாவுக்கும் எனக்கும் கறுப்பு நூலில் சண்டை. கண்ணூறு நாவூறு படாமலிருக்க மகளின் மணிக்கட்டில் அவர் கட்டியதை, இறுக்கும் என்று நான் அறுத்துவிட்டேன்.

"ஓம், நீ படிச்சனீ. உன்னை நான் நூல் கட்டித்தானே வளர்த்தனான். செத்தே போனனீ?"

இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டைப் போட்டுவைத்துவிட்டுத் தன் சேலை மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை தொடங்கியது. குளிர் பிடிக்கும் என்று பிள்ளைக்குக் காலுறை போட்டார். ஒருநாள் விடிய நான் காலுறை மாற்றும்போது கண்டேன், இடது காலின் மூன்றாம் விரலில் மெல்லிய ஒரு கறுப்புக் கோடு. அம்மா வென்றுவிட்டார் என்று நினைத்தேன். கையில் அறுத்ததைக் காலில் ஒளித்துக் கட்டியிருக்கிறார். வாய் திறந்தேன். இன்னும் இரண்டு நாள் மௌனத்தைத் தாங்க என்னால் முடியாது. மூடினேன். கழுவிக் காய்ந்த காலுறையை மேலே இழுத்துவிட்டேன்.

அன்று மதியம் மகள் அழத்தொடங்கினாள். பால் வேண்டாம். தோள் வேண்டாம். வயிற்றை நீவினோம். நிற்கவில்லை.

"நேற்று லிஃப்டுக்குள்ள ஆரோ ஒரு மனிசி பிள்ளையைப் பாத்த பார்வை!" அம்மா சட்டியை காஸ் அடுப்பில் வைத்தார். "செத்தல் மிளகாயும் உப்பும் எடு. தாயின்ர மயிரும் மூண்டு வேணும்."

பிடுங்கத் தேவையிருக்கவில்லை. சீப்பை நீட்டினேன்.

"மூண்டு கேட்டா முந்நூறு தாறாய்."

அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். இன்றுவரை எனக்குத் தாங்கமுடியாதது அந்தச் சிரிப்புத்தான்.

மூன்றுதரம் பிள்ளையைச் சுற்றிச் சட்டியில் போட்டார். "பாத்தியே, ஒரு கமறலும் இல்லை! எவ்வளவு நாவூறு!" மயிர் கருகும் வாசம் வீடெல்லாம் நின்றது. என் மயிர் ஒரு பக்கம் எரிந்தது. இன்னொரு பக்கம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

பொழுதுபடும்போது அவளுக்குக் குரல் அடைத்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, அந்தக் கால் நூலையாவது கழட்டுங்கோ. இறுக்கிக் கட்டிப்போட்டியள்போல."

"எந்த நூல்?"

"விரலில."

"நான் கட்டேல்லையே பிள்ளை."

காலுறையை உருவினேன். விரல் நாவற்பழமாக வீங்கியிருந்தது. கோடு தசைக்குள் புதைந்து காணாமல் போயிருந்தது.

ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு. மழையில் காலி வீதி நகரவில்லை. நான் அந்தக் காலைக் கையில் ஏந்திக்கொண்டிருந்தேன்.

டொக்டர் விளக்கைக் கிட்ட இழுத்து, கண்ணுக்குப் பூதக்கண்ணாடி மாட்டி, நுனி மெலிந்த கத்தியால் தேடினார். இழுத்தெடுத்து வெள்ளைப் பஞ்சில் வைத்தார். ஒற்றை மயிர். சுருண்டு, நனைந்து, இன்னும் மினுங்கிக்கொண்டு.

"இது உங்கட தலைமயிர்தான். உங்கட உடுப்போட சேர்த்தா பிள்ளையின்ர சொக்ஸ் கழுவுறீங்க?"

"ஓம்."

"விரல் தப்புமோ டொக்டர்?" என்றேன்.

"நாளைக்குப் பாப்பம்."

மறுநாள் விரலில் சிவப்பு ஊறி வந்தது. தப்பியது. அடியில் ஒரு வளையம் மட்டும் நிற்கிறது, யாரோ மெட்டி போட்டுக் கழற்றியதுபோல்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கத்தரிக்கோலை நீட்டினேன். மொட்டையாக வெட்டிவிடுங்கோ என்றேன். அவர் கையில் வாங்கவில்லை. "தாலியோட இருக்கிறவள் தலையை மழிக்கிறதே? வாயைக் கழுவு," என்றார் அம்மா. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டுபோய் அலுமாரியில் பூட்டினார். வந்து, ஒரு துவாயை என் தலையில் சுற்றி, ஒரு இழை தெரியாமல் பின்னால் இறுக்கி முடிச்சுப் போட்டார். ஒரு சொல் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். முடிச்சைச் சரிபார்த்த பிறகுதான் பிள்ளையை என் மடியில் வைத்தார்.

பால் கொடுத்தேன். மகளின் கை வழக்கம்போல் மேலே வந்தது. கழுத்தைத் தடவியது. தோளைத் தடவியது. துவாயில் வழுக்கியது. பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் காற்றில் மூடித் திறந்தது. முலையை விட்டாள். என் முகத்தைப் பார்த்தாள், அது யாருடையதோ என்பதுபோல். அழுதாள்.

காலுறையைக் கழற்றி விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அழுகை நிற்கவில்லை. திரும்பவும் பார்த்தேன்.