வலிக்கும் என்று சொன்ன மாமன்

அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்கு வெளியே உள்ள தாழ்வாரத்தில் என் தம்பி வந்து நின்றதும், என் ஐந்து வயது மகள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. "மாமா வேணாம், மாமாவப் போவ சொல்லு" என்று அலறிக்கொண்டு என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளுக்காக வாங்கிவந்த பிஸ்கட் பொட்டலத்தோடு அவன் அப்படியே நின்றான். வார்டே திரும்பிப் பார்த்தது. "கொழந்தைய அடிக்கிற ஆளாட்டம் இருக்குது" என்று ஓர் அம்மாள் பக்கத்துக் கட்டில்காரியிடம் சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஈ எறும்புக்குக் கூடத் தீங்கு நினைக்காதவன் என் தம்பி.

தப்பெல்லாம் எங்களுடையது. எங்கள் ஐயம்பேட்டைப் பக்கம் குழந்தைக்கு மொட்டையடிப்பதும் காது குத்துவதும் தாய்மாமன் மடியில்தான். பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்ததால் தள்ளிப்போய், இவளுக்கு நன்றாக விவரம் தெரிந்த பிறகுதான் குலதெய்வம் கோயிலில் காது குத்தினோம். "மாமா மடியில சும்மா உக்காரும்மா, ஒன்னும் பண்ண மாட்டாங்க" என்று சொந்தபந்தம் அத்தனையும் கூடி நின்று பொய் சொன்னது. வாயில் வெல்லக்கட்டியை வைத்தார்கள். ஆசாரி தன் வேலையைக் காட்டினார். பெரியவர்கள் சொன்னபடி அவள் தலையை அசையவிடாமல் பிடித்துக்கொண்டவன் என் தம்பி. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதும் நாங்கள் எல்லோரும் அதை மறந்துவிட்டோம். அவள் மறக்கவில்லை. அதற்கப்புறம் மாமா வந்தால் பேசுவாள், வாங்கி வந்ததைத் தின்பாள். மடியில் மட்டும் உட்கார மாட்டாள். இதெல்லாம் தெரிந்திருந்தும், ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கப் போகிறார்கள் என்றதும் என் மாமியார், "குத்தறதுன்னா மாமன் மடிதான், உன் தம்பியக் கூப்புடு" என்றார். நானும் போன் போட்டு வரச் சொன்னேன். இப்படி ஒரு புத்திசாலித்தனம் எங்கள் கூட்டத்துக்குத்தான் வரும்.

விடாத காய்ச்சல் அவளுக்கு. எலும்பும் தோலுமாகிவிட்டாள். டி.பி.யாக இருக்கலாம் என்று டாக்டருக்குச் சந்தேகம். சின்னக் குழந்தைகளுக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். அதனால் காலையில் வெறும் வயிற்றோடு இருக்கும்போது மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை வயிறு வரைக்கும் விட்டு, விழுங்கிய சளியை எடுத்துச் சோதிக்க வேண்டுமாம். ரத்தம் எடுப்பதற்கே ஆளாளுக்குக் கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. மறுநாள் குழாயைக் கண்டதும் அவள் உதைத்த உதையில் நர்சம்மாவின் கைக்கடிகாரம் கழன்று விழுந்தது. மூக்கில் லேசாக ரத்தம் கசிந்ததும் நிறுத்திவிட்டார்கள். "இப்படிப் போராடினா அவளுக்குத்தாம்மா காயம் ஆவும். நாளைக்குப் பாக்கலாம்" என்றார் டாக்டர். இன்ன நோய் என்று தெரியாமல் அவ்வளவு கடுமையான மருந்தைத் தொடங்க அவருக்கு மனமில்லை. தொடங்காவிட்டால் என் பிள்ளை தேற மாட்டாள். கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தாள்.

தம்பிக்கு அப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலை. செய்து முடித்த பாகங்களைச் சரிபார்த்து அனுப்புகிற பிரிவு. ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றிப்போகும் அவனுக்கு. ஊசி என்றால் பத்துத் தெரு தள்ளி நிற்பான். அப்படிப்பட்டவன் அன்று சாயங்காலம் எதிரிலிருந்த மருந்துக் கடையில் அதே மாதிரிக் குழாய் ஒன்றை வாங்கிவந்து, தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து தன் மூக்கில் தானே விட்டுக்கொண்டிருந்தான். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். ஒரு தும்மல் போட்டான், குழாய் வெளியே வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு மறுபடியும் விட்டான்.

"உனக்கு பைத்தியமா புடிச்சிக்கிது?" என்று பிடுங்கப் போனேன்.

"கம்பெனில நான் தொட்டுப் பாக்காத சாமான பாஸ் பண்ண மாட்டேன்க்கா. இது இன்னான்னே தெரியாம கொழந்தகிட்ட போயி இன்னா சொல்றது?"

அந்தப் பக்கம் வந்த நர்சம்மா பிடித்துக்கொண்டார். "அறிவு இருக்குதாயா உனக்கு? எங்கனா சிக்கிக்கினா யாரு பாக்கறது?" என்று குழாயைப் பறித்துக்கொண்டார். அவன் வாங்கிக் கட்டிக்கொண்டு, திட்டி முடிக்கும் வரை காத்திருந்து, "மூக்கு வரைக்கும் தெரிஞ்சுபோச்சி சிஸ்டர். தொண்டைல எப்படி இருக்கும்?" என்று கேட்டான். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அப்புறம் அவன் வார்டுக்குள் போனான். கட்டிலுக்குப் பக்கத்தில் போகவில்லை. தள்ளியே தரையில் உட்கார்ந்துகொண்டான். போர்வைக்குள் சுருண்டிருந்தவளிடம் அங்கிருந்தே பேசினான்.

"அன்னிக்குக் காது குத்தசொல்ல ஒன்னும் பண்ண மாட்டாங்கன்னு சொன்னோம் இல்ல, அது பொய்யி பாப்பா. நாங்க செஞ்சது தப்பு. இப்ப நெஜத்த சொல்றேன். நாளைக்குக் கொழாய் விடுவாங்க. வலிக்கும். மூக்குல எரியும், கண்ணுல தண்ணியா ஊத்தும். தொண்டகிட்ட வரசொல்ல வாந்தி வரா மாதிரி இருக்கும், அதான் இருக்கறதுலயே மோசம். அப்ப எச்சில முழுங்கிக்கினே இருந்தா சட்டுனு எறங்கிடும்."

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலை எனக்கு. உங்க நெறத்துக்கு இதுதாம்மா எடுப்பா இருக்கும் என்று நாள் முழுக்கத் தேனாகப் பேசியே பழகிய வாய். ஒரு நோயாளிக் குழந்தையிடம் போய் யாராவது இப்படிப் பேசுவார்களா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நீ புடிச்சிப்பியா?"

"நீ சொன்னாத்தான் புடிப்பேன்."

"அழலாமா?"

"தாராளமா அழு. நானே அழுதேன், அம்மாவக் கேளு."

அவள் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினேன். போர்வை மெல்ல விலகியது. தூங்கப் போகும் வரை எச்சிலை விழுங்கி விழுங்கி எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

நோய் உறுதியானதும், மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்ததும், அவள் தேறி வந்ததும் பெரிய கதை. இன்று கல்லூரிக்குப் பஸ் ஏறிப் போகிறாள். என் தம்பிக்குத் தலை நரைத்துவிட்டது. எங்கள் வீட்டில் யாருக்காவது கெட்ட செய்தி சொல்ல வேண்டுமென்றால் இப்போதும் அவனைத்தான் அனுப்புகிறோம். மழுப்பாமல் சொல்வான், சொல்லிவிட்டு எழுந்து போகாமல் கூடவே உட்கார்ந்திருப்பான். அந்தக் குணத்துக்காக அவனை எவ்வளவு வேண்டுமானாலும் புகழலாம். சின்னவன்தானே என்று இதுவரை அவனிடம் நேரில் சொன்னதில்லை.

குழாய் விட்ட அந்த மறுநாள் காலை அவள் என் மடியில்தான் உட்கார்ந்தாள். மாமா வாசலிலேயே நின்றான். குழாயைப் பார்த்ததும் அவள் உடம்பு விறைத்தது. "மாமா, இங்க வா" என்றாள். வந்து அவளுக்கு எதிரில் மண்டியிட்டான். கையைப் பிடிக்கவில்லை. யாருமே பிடிக்கவில்லை. குழாய் மூக்கில் இறங்கியது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தொண்டைக்கு வந்தபோது உடம்பு தூக்கிப் போட்டது. "முழுங்கு பாப்பா" என்று சொல்லித் தானும் விழுங்கினான். அவள் விழுங்கினாள். அவன் விழுங்கினான். அவன் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு அவளும் விழுங்கிக்கொண்டே இருந்தாள். நர்சம்மா ஊசிக்குழலில் சளியை மெதுவாக இழுத்து எடுத்தார். குழாய் வெளியே வந்தது.

இருமி முடித்து, மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். குரல் கரகரத்துப் போயிருந்தது. எதிரில் முகம் வெளுத்து மண்டியிட்டிருந்தவனைப் பார்த்து, "நீ சொன்ன மாதிரியே வலிச்சிது மாமா" என்றாள். சொல்லிவிட்டு என் மடியிலிருந்து இறங்கி, அவன் மடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.