பின்வாசல் வழியாகப் போன பாடம்

பெஞ்சை விட்டு எழாத பிள்ளை

திருவட்டாறுக்குப் பக்கத்தில் ஓர் ஆற்றங்கரை ஊரில், பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக நான் சேர்ந்தபோது திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. இன்று அந்த நாட்களை நினைத்தால் பாதித் தூக்கத்தில் பார்ப்பது போல இருக்கிறது. காலையில் ஆற்றிலிருந்து கிளம்பும் மூடுபனி வகுப்பு ஜன்னல் வரை வந்து நிற்கும். அதற்குள்ளிருந்து முதலில் பிள்ளைகளின் குரல் வரும், பிறகுதான் பிள்ளைகள் வருவார்கள். நான் சொல்வதில் எது நடந்தது, எது பின்னால் கனவில் ஒட்டிக்கொண்டது என்று எனக்கே சில இடங்களில் நிச்சயமில்லை. செல்லம்மை பெஞ்சில் உட்கார்ந்திருந்த சாயங்காலம் மட்டும் தெளிவாக இருக்கிறது.

கடைசி மணி அடித்து எல்லாரும் ஓடிவிட்டார்கள். அவள் மட்டும் எழவில்லை. தேர்டு ஃபாரத்தில், இப்போதைய எட்டாம் வகுப்பில், கணக்குக்கு முதல் பிள்ளை அவள்.

"ஏட்டி, வீட்டுக்குப் போவலியா?" என்று கேட்டேன்.

பாவாடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "டீச்சரே, நான் செத்துப் போயிருவேனா?" என்றாள்.

அவளுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. எம்பிராய்டரி பழக வைத்திருந்த மேசைவிரிப்பை அவள் இடுப்பில் சுற்றி, வீடு வரை கூட்டிப் போய் விட்டேன். அதன் பிறகு அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. சடங்கெல்லாம் முடிந்த பிறகு விசாரிக்கப் போனேன். அவளுடைய அம்மா வாசற்கதவைப் பாதி திறந்து, "பிள்ள பெரியவளாயிட்டா. இனி எதுக்கு டீச்சரே படிப்பு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினார். "மாசக் கடைசிக்குள்ள வரலேன்னா பேர வெட்டணும். போன வருஷமும் இதே கதைதான். வெட்டின பேர திரும்ப எழுதினதா எனக்கு ஓர்மையில்ல," என்றார். செல்லம்மையின் பேர் எனக்கு முன்னால் நீல மையில் இருந்தது. அதை யாரும் வெட்டக்கூடாது என்று அன்றைக்கு மனசுக்குள் சண்டை பிடித்தேன்.

கொக்கிப்புழுப் பிரசங்கம்

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ட்ரெயினிங் முடித்த கையோடு வந்திருந்தேன், தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு வேறு. தாய்மாரைக் கூட்டி நாலு வார்த்தை சொன்னால் தீர்ந்தது என்று முடிவு கட்டினேன். மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் எஸ்தர் எனக்குச் சிநேகிதி. அவள் பேச ஒப்புக்கொண்டாள். "பெண் பிள்ளைகளின் ஆரோக்கியம்" என்று நானே அழகான கையெழுத்தில் அழைப்பு எழுதினேன். பள்ளிக்கூடத்துக் கடிதம் எதுவானாலும் தகப்பனார் பேருக்கு எழுதுவதுதான் வழக்கம். அந்த வழக்கப்படியே எழுதி, பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பினேன்.

தகப்பன்மார் வந்தார்கள். சலவை வேட்டியும் தோளில் நேரியலுமாக முன்வரிசை நிறைய உட்கார்ந்தார்கள். பெண் என்று ஒருத்தி இல்லை. எஸ்தர் எழுந்து நின்றாள், அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு மணி நேரம் கொக்கிப்புழுவைப் பற்றிப் பேசினாள். செல்லம்மையின் அப்பா எழுந்து நல்ல கேள்வியாக இரண்டு கேட்டார். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குத் தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

நீலம்மை

மறுநாள் காலையில் ஆற்றில் பெண்கள் குளிக்கும் கடவில் நீலம்மை என்னைப் பிடித்துக்கொண்டாள். ஊருக்குத் துணி வெளுப்பவள் அவள். எங்கள் பக்கத்தில் மாதவிலக்கான பெண் நாலாம் நாள் குளித்ததும், வண்ணாத்தி வெளுத்துக் கொண்டுவரும் துணியை உடுத்தினால்தான் தீட்டுக் கழியும். அதற்கு மாற்று என்று பேர். வேதக்கார வீட்டில், கிறிஸ்தவளாக வளர்ந்த நான் அதைக் கேலி பேசியவள். என்னைவிடப் பத்து வயது மூத்த நீலம்மையை எல்லாரையும் போல நீ, வா, போ என்று கூப்பிட்டவளும்தான்.

"ஆம்பிளையளக் கூட்டி வச்சா பொம்பிளைய காரியம் எங்க நடக்கும் டீச்சரே? நீங்க முன்வாசல் வழியாப் போறிய. அங்க ஆம்பிளைய இருக்காவ. நான் மாற்று கொண்டு பின்வாசலுக்குப் போறேன். அங்கதான் தாயும் பிள்ளையும் இருக்கு," என்றாள்.

"செல்லம்மைய ஏன் அனுப்பாம இருக்காவ? அது தெரியுமா ஒனக்கு?"

"துணி இல்ல. அதுக்குன்னு நாலு கந்தை. அதையும் வெயில்ல போட மாட்டாவ, ஆம்பிளைய கண்ணுல பட்டுரும்னு கூரைக்கு அடியில ஈரமா சொருகி வைப்பாவ. சொறியும் புண்ணும் வராம பின்ன என்ன வரும்? அதையும் கட்டிக்கிட்டு அந்தப் பிள்ள நாள் முழுக்க பெஞ்சில இருக்குமா?"

நான் எந்தப் புத்தகத்திலும் படிக்காததை அவள் துணியை அடித்துக்கொண்டே சொல்லி முடித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று முதல் அவளை அக்கா என்று கூப்பிட்டேன்.

சனிக்கிழமை பஸ் ஏறி வடசேரிக்குப் போனேன். அங்கே ஒரு நெசவுக்காரர் வீட்டம்மாளிடம் விஷயத்தைச் சொன்னதும், தறியில் மிஞ்சின துண்டுகளை ஒரு மூட்டையாகக் கட்டித் தந்தார். அவற்றை மடித்துத் தைத்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் தேசப்படம் வைக்கும் சின்ன அறையை, பிள்ளைகள் துணி மாற்றுவதற்காக ஒழித்து, ஒரு குடம் தண்ணீர் வைத்து, தாழ்ப்பாளும் போட்டுக் கொடுத்தார். எஸ்தர் இந்தத் தடவை கடவுக்கே வந்தாள். முழங்கால் தண்ணீரில் நின்று, உடம்பில் நடப்பது என்ன, துணியை எப்படிக் கொதிக்க வைப்பது என்று சொன்னாள். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேய்த்தார்கள், ஆனால் ஒருத்தியும் கரையேறவில்லை. காயப்போடும் விஷயத்தில் மட்டும் ஒருத்தி முணுமுணுத்தாள்.

"என் வெள்ளாவியில போட்டு மணல்ல விரிக்கேன். ஊர்த் துணி முழுக்கக் காயும்போ இது எதுன்னு எவனுக்குத் தெரியும்?" என்றாள் நீலம்மை அக்கா.

செல்லம்மையின் அம்மாவும் அங்கே இருந்தாள். "எல்லாம் சரிதான். எம்பிள்ள மட்டும் போனா ஊரு என்ன சொல்லும்?" என்றாள். செல்லம்மையைப் போலவே படிப்பு நின்றுபோன வேறு நாலு பிள்ளைகளின் தாய்மாரும் பக்கத்தில் நின்றார்கள், அவர்களுக்கும் அதே பயம்தான்.

மாதக் கடைசி அந்தத் திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீலம்மை அக்கா துணி கொடுக்கப் போன வீடுகளில் எல்லாம் ஒரே விஷயத்தைச் சொன்னாள்: நாளைக்கு அடுத்த வீட்டுப் பிள்ள பள்ளிக்கூடம் போவுதாம்.

"அக்கா, அது பொய்யில்லியா?" என்றேன்.

"நாளைக்குக் காலம்பற பாத்துட்டுச் சொல்லுங்க."

காலையில் மூடுபனிக்குள்ளிருந்து முதலில் குரல்கள் வந்தன. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். பெரியவளாகி நின்றுபோன ஐந்து பேரில் நாலு பேர். கடைசியில் செல்லம்மை, புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. நான் ஜெபம் செய்யவில்லை, சும்மா நின்று அழுதேன்.

இப்போது கண்ணை மூடினால் அந்த மணல்தான் வருகிறது. கரை முழுக்க வெள்ளை, அதன் மேல் வெயில். ஊரே ஒன்றும் தெரியாமல் அதைக் கடந்து போய்க்கொண்டிருக்கும்.

இன்றைக்குச் சுகாதார வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சொல்லிக்கொடுக்கப் போவதற்கு முன்னால், அந்த வீட்டுப் பின்வாசலுக்கு யார் போகிறார்கள் என்று விசாரியுங்கள். அவர்களுக்கு யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. செல்லம்மைதான் கேட்டாள்.

ஒரு தையல் வகுப்பில் தலை நிமிராமல் ஆறு துண்டு தைத்து முடித்தாள். சாயங்காலம் என்னோடு கடவுக்கு வந்து நீலம்மை அக்காவிடம் கேட்டாள்.

"எங்களுக்கெல்லாம் நீங்க மாற்று கொண்டு வாறிய. ஒங்களுக்கு யாரு கொண்டு வருவா?"

நீலம்மை அக்கா சிரித்தாள். "எனக்கு யாரு மக்கா கொண்டு வருவா?"

செல்லம்மை தான் தைத்த துணியை நீட்டினாள். அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள், சரியாகத் துடைக்கவில்லை என்று மறுபடியும் துடைத்தாள், அதன் பிறகுதான் வாங்கினாள்.