உமரிச் சிவப்பு

மகளுக்குப் புடவை எடுக்கப் புதுக்கோட்டை போயிருந்தோம். கடைக்காரர் ஒன்றை உதறி விரித்து, "இந்தக் கலருக்கு எங்ககிட்டப் பேரே இல்லக்கா" என்றார். பீட்ரூட்டும் செங்கல்லும் கலந்தாற்போல ஒரு சிவப்பு. எனக்கு அதன் பெயர் தெரியும். உமரி. சொன்னால் சிரிப்பார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன். மகள் எடுத்தது என்னவோ பச்சை.

உமரி உப்புச் சேற்றில் முளைக்கிற சின்னச் செடி. மணமேல்குடிப் பக்கம், எங்கள் வீட்டுக்குப் பின்னால் கடல் வரைக்கும் அது மண்டிக் கிடந்தது. மாசியில் தண்ணீர் வற்ற வற்றத் தண்டெல்லாம் சிவந்துவிடும். இதை நானே கண்டுபிடித்தேன் என்று எழுத ஆசைதான். கண்டவள் மேகலா.

நான் வேலை பார்த்த சிறுவர் பள்ளிக்கு அவள் ஈரோட்டிலிருந்து டீச்சராக வந்தாள். எங்கள் தெருவிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கினாள். பள்ளி விட்டதும் நான் நேரே வீட்டுக்குப் போய் டீ போடுவேன். அவளோ செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு சேற்றுப் பக்கம் போய்விடுவாள். அந்தச் சேற்றின் வாடைக்கு நாங்கள் ஜன்னலைச் சாத்துகிறவர்கள். இவள் அதற்குள் நடந்து என்னத்தைப் பார்க்கிறாள் என்று எனக்கு எரிச்சல். பிள்ளைகள் வேறு அவள் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தார்கள். என் முந்தானையை ஒருத்தரும் பிடித்ததில்லை.

ஒருநாள் அவள் வகுப்புச் சுவர் முழுக்கப் படங்கள். சிவப்புத் தரை, நடுவில் நீலத் தண்ணீர், நெட்டைக் கால் பறவைகள். தலைமையாசிரியை அப்படியே நின்றுவிட்டார்.

"இது எந்த ஊரு டீச்சர்? இம்புட்டு அழகா இருக்கு."

"நம்ம ஊருதாங்க மேடம். இவங்க வீட்டுக்குப் பின்னாடி" என்று மேகலா என்னைக் காட்டினாள்.

"அப்படியா? நீங்க ஒரு நாளும் சொல்லலையே!"

அந்த ஒரு வாக்கியம் என்னைச் சுட்டது. அங்கேயே பிறந்து இருபத்திரண்டு வருஷம் வளர்ந்தவள் நான். வந்த எட்டு மாதத்தில் ஒருத்தி என் கொல்லையை எனக்கே அறிமுகம் செய்கிறாள்.

"அங்கிட்டா மேடம்? அது நாங்க வெளிக்குப் போற எடமுல்ல" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் மூக்கைப் பொத்திக்கொண்டே நகர்ந்தார். நான் சொன்னது பழங்கதை. தெருவில் கழிப்பறை வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மேகலாவுக்கும் அது தெரியும். சாயங்காலம் படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு போனாள். முகம் மட்டும் சிவந்திருந்தது.

வெற்றி என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்று டீ இறங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வெயில் தாழ்ந்ததும் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போனேன். அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று திரும்பிவர எண்ணம்.

சாய்ந்த வெயிலில் தரை முழுக்கச் சிவந்து கிடந்தது. தூரத்தில் நின்ற வெள்ளைக் கூட்டம் சட்டென்று எழும்பியதும் றெக்கைக்கு அடியில் இளஞ்சிவப்பு விரிந்தது. பூநாரைகள். நெட்டைக் கால் இருந்தால் எல்லாமே கொக்கு என்றிருந்தவள் நான். வாய் பிளந்து நின்றேன்.

மேகலா அங்கே இருந்தாள். என்னைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"இங்கிட்டு வாங்க டீச்சர். அங்க கால் பொதையும்."

எங்கள் பேச்சையும் கற்றுக்கொண்டிருந்தாள். என் வீட்டுக் கொல்லையில் என்னையே விருந்தாளி மாதிரி வரவேற்கிறாளே என்று அப்போதும் உள்ளே எரிந்தது. இருந்தாலும் நகர்ந்து அவள் பக்கத்தில் நின்றேன். மன்னிப்பு வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. மறுநாளும் போனேன். பிறகு தினமும்.

முழுப் பரீட்சை முடிந்து அவள் ஊருக்குப் போனாள், திரும்பி வரவில்லை. கல்யாணம் என்றார்கள். சில வருஷத்தில் அங்கே இறால் பண்ணைக்குக் குளம் வெட்டிக் கம்பிவேலி போட்டார்கள். உமரி போயிற்று, பறவைகளும் இறங்குவதில்லை. ஜன்னலைத் திறந்தால் மோட்டார் சத்தம்தான்.

நினைத்துப் பார்த்தால், மேகலா வருவதற்கு முந்தைய என் வருஷங்களில் அந்தச் சிவப்பே இல்லை. கண்முன் இருந்தும் நான் பார்க்கவில்லை. எனக்கு மிஞ்சியது அவளோடு நின்ற ஒரு மாதத்துச் சாயங்காலங்கள். ஈரோட்டிலோ எங்கேயோ இருக்கிற அவளிடம் அப்படிச் சாயங்காலங்கள் கிட்டத்தட்ட ஒரு வருஷத்துக்கே இருக்கும். இன்றைக்கும் எனக்கு அதில் பொறாமைதான்.