கிளட்ச் கடைசியில்

ஒரு மழைக்காலக் காலையில், ஈஜிபுரா வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்து என் கணவர் இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டு போட்டார்கள். அவருக்குப் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டும் வேலை. கொஞ்ச நாள் லீவு கொடுத்தவர்கள், செய்து முடித்த பாகங்களை ஒரு கையால் அளந்து பார்த்தால் போதும் என்று திரும்பக் கூப்பிட்டார்கள். எனக்கு அதே ஓசூர் ரோட்டில், கூட்லு கேட் பக்கம், ஒரு தையல் கம்பெனி ஆபீசில் வேலை. அதுவரை இருவரும் அவருடைய பைக்கில்தான் போவோம். வழியில் என்னை இறக்கிவிட்டு அவர் போவார்.

முதல் நாள் பஸ்ஸில் போனார். சில்க் போர்டு ஸ்டாப்பில் ஏறிய கூட்டத்தில் யாருடைய பையோ கட்டின்மேல் இடித்துவிட்டது. சாயங்காலம் வந்து சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"நாளையிலருந்து பைக்க நான் ஓட்டறேங்க," என்றேன்.

"இது என்னா ஸ்கூட்டரா?" என்றார்.

அவர் கேட்டதிலும் தப்பில்லை. கல்யாணத்துக்கு முன் நான் வருஷக்கணக்கில் ஓட்டியது ஸ்கூட்டர்தான். லைசென்ஸ் எடுக்கும்போது கியர் வண்டிக்கும் சேர்த்தே எடுத்தேன். அதற்காக முதல் கியரிலேயே ஒரு எட்டுப் போட்டுக் காட்டியதோடு சரி, பிறகு பைக்கைத் தொட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நடமாட்டம் இல்லாத ஒரு லேஅவுட் ரோட்டில் பழகினேன். வண்டியை நகர்த்துவது சீக்கிரம் வந்துவிட்டது. கியர் ஏற்றுவதும் வந்தது. நிறுத்துவதுதான் வரவில்லை. ஸ்கூட்டரில் இரண்டு கையிலும் பிரேக் இருக்கும். இரண்டையும் பிடித்தால் வண்டி நிற்கும். பைக்கில் அப்படி இல்லை. வலது கையில் முன் பிரேக், வலது காலில் பின் பிரேக், இடது காலில் கியர். ஸ்கூட்டரில் பின் பிரேக் இருக்கும் அதே இடத்தில், இடது கையில் கிளட்ச். நிறுத்த வேண்டும் என்று நினைத்த நிமிஷமே எதை முதலில் தொடுவது என்று எனக்குக் குழம்பிவிடும். மூன்றாவது கியரிலேயே நின்று இன்ஜின் அணைந்துபோகும். பின்னாலிருந்து அவர், "கிளட்ச் பிடி, கிளட்ச் பிடி" என்று கத்திக்கொண்டே இருந்தார். கத்தக் கத்த நானும் முதலில் கிளட்சைப் பிடிக்கப் பழகினேன். இன்ஜின் அணையவில்லை. சரி, கற்றுக்கொண்டுவிட்டோம் என்று இருவருமே நினைத்தோம்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பினோம். கோரமங்களா பக்கம் ஒரு சரிவில் இறங்கும்போது முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. "கிளட்ச்!" என்று அவர் கத்தினார். அதற்குள் என் இடது கை முழுசாகப் பிடித்துவிட்டது. வண்டி நிற்கவில்லை. இன்ஜினின் பிடி விட்டுப்போய், சரிவில் இன்னும் வேகமாக ஓடியது. வலது கால் பிரேக்கைத் தேடிக் கண்டுபிடித்து மிதித்தபோது, முன் சக்கரம் ஆட்டோவின் பின்பக்கத்தில் போய் முட்டியது. அவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றியதால் கீழே விழாமல் தப்பித்தோம்.

ஆட்டோக்காரர் இறங்கி வந்தார். "ஏனம்மா, பிரேக் இல்வா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"சாரிங்க, இப்பதான் பழகறேன்." பயத்தில் எனக்குத் தமிழ்தான் வந்தது. அவரும் உடனே தமிழுக்கு மாறினார்.

"பழகறதுக்கு இந்த எறக்கம்தான் கெடச்சுதாம்மா? கை ஒடஞ்சவர வேற பின்னால ஒக்கார வச்சிகினு!"

பம்பரைக் குனிந்து தடவிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. அதன்பின் அவர் குரல் இறங்கியது. "இப்ப நீ ஓட்டாத. வண்டிய அந்த டீக்கடை பக்கத்துல போட்டுட்டு ஏறுங்க ரெண்டு பேரும்."

பைக்கை அங்கேயே பூட்டிவிட்டு அவருடைய ஆட்டோவில்தான் போனோம். மடிவாளா தாண்டியதும் கணவர் ஆரம்பித்தார்.

"கிளட்ச் பிடின்னுதான் சொன்னேன். பிரேக் போடாதன்னா சொன்னேன்?"

"நீங்க அந்த ஒரு வார்த்தைய மட்டுந்தான் சொன்னீங்க. நீங்க ஓட்டும்போது மொதல்ல எதப் பிடிப்பீங்க?"

"கிளட்சுதான்."

"நெஜமாவா?"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு ரோட்டுக்குத் திரும்பினார்.

சாயங்காலம் பைக்கை முதல் கியரிலேயே மெதுவாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவர் பக்கத்தில் நடந்தே வந்தார். வாசலில் சென்டர் ஸ்டாண்ட் போட்டதும், அவரை ஏறி உட்காரச் சொன்னேன்.

"எதுக்கு?"

"கண்ண மூடிக்கோங்க. சும்மா ஓட்டற மாதிரி நெனச்சுக்கோங்க. நான் சிக்னல்னு சொன்னதும் நிறுத்துங்க."

பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையை ஹேண்டில்மேல் சாய்த்து வைத்துக் கண்ணை மூடினார். கொஞ்சம் விட்டு, "சிக்னல்," என்றேன்.

வலது மணிக்கட்டு ஆக்ஸிலேட்டரை விடுவதுபோல் முன்னால் திரும்பியது. வலது கால் பிரேக்கை அழுத்தியது, வலது கை விரல்களும் கூடவே இறுகின. இடது கை அசையவே இல்லை. அப்புறம்தான், மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகள் மெல்ல மடங்கின. இடது கால் கீழே ஒருமுறை தட்டியது.

"மறுபடி," என்றேன். மறுபடியும் அதேதான்.

கண்ணைத் திறந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, நான் கிளட்ச கடைசியிலதான் பிடிக்கிறேன்," என்றார். குரலில் உண்மையான ஆச்சரியம். "இத்தன வருஷமா ஓட்டறேன், எனக்கே தெரியல."

எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

மறுபடி லேஅவுட் ரோட்டுக்குப் போனோம். இந்த முறை அவர் ஓரமாக நின்றுகொண்டார். ஆக்ஸிலேட்டரை விட்டதும் இன்ஜினே வண்டியைப் பின்னால் பிடித்து இழுப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதை அப்படியே விட்டு, இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெல்ல அழுத்த வேண்டும். வேகம் குறையக் குறைய ஒவ்வொரு கியராக இறக்க வேண்டும், அதற்கு மட்டும் கிளட்சைப் பிடித்து விட வேண்டும். கடைசியில் வண்டி உதறப் போகிறது என்று தெரியும்போது கிளட்சை முழுசாகப் பிடித்துவிட்டால், சத்தமில்லாமல் நிற்கும். அவசரமாக நிறுத்த வேண்டி வந்தால் பிரேக்கையும் கிளட்சையும் சேர்த்தே பிடிக்கலாம். பிரேக் இல்லாமல் வெறும் கிளட்ச் மட்டும் கூடாது.

இரண்டு வாரம் சாயங்காலங்களில் இதையே செய்தேன், அதுவரை அவர் ஆட்டோவில் போய்வந்தார். பிறகு ஒரு காலை அவரைப் பின்னால் உட்கார வைத்துக் கிளம்பினேன். மடிவாளா சிக்னலில் முதல் கியரில் வந்து நின்று, இடது காலை ஊன்றினேன். அவர் வாயே திறக்கவில்லை. அது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

கட்டுப் பிரித்த பிறகும் மணிக்கட்டில் பலமில்லை. மறுபடி அவர் ஓட்ட ஆரம்பித்தபோது மழை விட்டு வெயில் வந்திருந்தது. அந்த முதல் நாள் நான் பின்னால் உட்கார்ந்தேன். பொம்மனஹள்ளியில் நிறுத்தும்போது வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கி இன்ஜின் அணைந்தது. பின்னால் ஹாரன் சத்தம்.

"கை வலிக்குதாங்க?" என்றேன்.

"கை நல்லாத்தான் இருக்கு. அன்னிக்குக் கண்ண மூடிப் பாத்ததுலருந்து, நிறுத்தும்போதெல்லாம் மொதல்ல எது, அடுத்தது எதுன்னு யோசன வருது," என்றார்.

கொஞ்ச நாளில் அதுவும் சரியாகிவிட்டது. இப்போது காலையில் நான் ஓட்டுகிறேன், சாயங்காலம் அவர். வார நடுவில் அவருக்கு ஷிப்ட் மாறினால் பைக் என்னிடம் இருக்கும், அவர் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார்.